அண்ணன் பின்வாசல் வழியே போன மாலை

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆனதை நானும் மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார். அபுதாபியில் வேலை பார்க்கும் எங்கள் மகன் மறக்கவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் போன் செய்தான்.

"அம்மா, வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் அத்தையையும் மாமாவையும் கூட்டிக்கிட்டு ஒரு இடத்துக்குப் போறீங்க. டின்னர் ஷோ. எல்லாம் புக் பண்ணிட்டேன்."

"டின்னர் தெரியும். ஷோன்னா என்னடா?" என்று அவன் அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிக் கேட்டார்.

"ஆத்தங்கரையில ஒரு ரிசார்ட்டுப்பா. புல்தரையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே ஆட்டம் பாட்டமெல்லாம் பாக்கலாம். கரகம், பொய்க்கால் குதிரை, எல்லாம் உண்டு."

"அதுக்கா மன்னார்குடியிலேருந்து தஞ்சாவூர் தாண்டிப் போகணும்?"

"போங்கப்பா, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

என் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூட்டுறவு வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே வாழ்க்கையில் பாதியைக் கழித்தவர். குரல் உயராது. பஸ்ஸில் யாரும் கேட்காமலே எழுந்து இடம் கொடுப்பார். புது இடத்துக்குப் போனால் வாசலில் எழுதி வைத்திருக்கும் விதிமுறைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ரிசார்ட்டில் சட்டை கிழிய விழுவார் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால், ஆள் மாறிச் சொல்கிறீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வலங்கைமானுக்குப் பக்கத்தில் கிராமம். அண்ணி ஒரு வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வீட்டு மாமியார், மருமகள், மாடு மூவரின் உடல்நிலையும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், விவசாயி. இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் பேசியதில் பாதி "சாப்பிட்டியாம்மா" என்பதாகத்தான் இருக்கும்.

செய்தியைச் சொன்னதும் அண்ணி கேட்ட முதல் கேள்வி: "அங்க சாப்பாடு போடுவாங்களா, இல்ல பேருக்குக் காட்டுவாங்களா?"

"பஃபே அண்ணி. நாமளே எடுத்துப் போட்டுக்கலாம்."

"அப்பன்னா எதுக்கும் நான் கொஞ்சம் முறுக்கு எடுத்துக்கிறேன்."

அண்ணன் வருவதாகவே இல்லை. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டு முறைக்காகக் காத்திருந்த நேரம் அது. வானம் வேறு மூடிக்கொண்டு நின்றது. அண்ணி விடவில்லை. "மழை வந்தா நீங்க கையை விரிச்சுத் தடுத்துடப் போறீங்களா? தார்ப்பாய் போட்டாச்சு, ஆளு இருக்கு. மருமகன் ஆசையா கூப்பிடுறான், கிளம்புங்க" என்று பெட்டியிலிருந்து ஜரிகை வேட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். வெள்ளை முழுக்கைச் சட்டை, ஜரிகை வேட்டி, தோளில் மடித்த அங்கவஸ்திரம், நெற்றியில் விபூதி, குங்குமம். காரில் ஏறும்போது அண்ணன் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். எங்களுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அதுவே வினையாகும் என்று தெரியாது.

நாங்கள் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். ஆற்றங்கரைத் தென்னந்தோப்புக்குள் ஓடு வேய்ந்த குடில்கள். மரத்துக்கு மரம் சரவிளக்கு. வாசலில் மாடு இல்லாத மாட்டு வண்டி ஒன்று, ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ள. அதைத் தாண்டினால் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் வாக்கி-டாக்கியோடு ஏழெட்டுக் காவலர்கள். முதுகில் மஞ்சள் எழுத்தில் 'செக்யூரிட்டி' என்று இருந்தது. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. உள்ளே கரகாட்டம் நடக்கப்போகிறதா, கவர்னர் வரப்போகிறாரா என்று சந்தேகம் வரும்படி நின்றார்கள்.

என் கணவர் காரை நிறுத்த வேறு பக்கம் போனார். பெண்களுக்குத் தனி வரிசை, ஆண்களுக்குத் தனி வரிசை. அண்ணன் ஆண்கள் வரிசையில் நின்றார். எங்கள் வரிசையில் அண்ணியின் பையைத் திறந்த காவலர் உள்ளே இருந்த டப்பாவை வெளியே எடுத்து வைத்தார்.

"மேடம், வெளிச் சாப்பாடு அலவுடு இல்ல."

"இது சாப்பாடு இல்லப்பா. முறுக்கு."

"அதுவும் ஃபுட்தான் மேடம்."

"நீ முறுக்கைத் தின்னு வயித்தை நிரப்புவியா? சும்மா வாய்க்கு."

"ரூல்ஸ் மேடம்."

"அந்த ரூல்ஸ் எழுதினவருக்கு ரெண்டு எடுத்துக் குடு. தின்னு பாத்துட்டுச் சொல்லட்டும்."

எனக்குச் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். டப்பாவை அந்த மேஜையிலேயே விட்டுவிட்டு, கையில் கட்டிய மஞ்சள் காகிதப் பட்டையோடு உள்ளே போனோம். காரை நிறுத்திவிட்டு அவரும் வந்து சேர்ந்தார். "மச்சான் எங்க?" என்றார். திரும்பிப் பார்த்தால் ஆண்கள் வரிசையில் அண்ணன் இல்லை.

"முன்னாடி போயிருப்பாங்க. சாப்பாட்டு வாசனை வந்திருக்கும்" என்றார் அண்ணி.

நடந்தது என்னவென்று பிறகு அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. வரிசையில் அவர் முறை வந்ததும் காவலர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்தாராம். "ஆர்ட்டிஸ்டா? ஆர்ட்டிஸ்டெல்லாம் பின்வாசல். அந்தப் பக்கம் போங்க, போங்க" என்று முதுகில் கை வைத்துத் திருப்பிவிட்டாராம். 'ஆர்ட்டிஸ்ட்' என்றால் வேட்டி கட்டியவர்கள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். தப்பும் சொல்ல முடியாது, அந்த வரிசையில் வேட்டி கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். சொன்ன பேச்சைக் கேட்டு, மதிலோடு நடந்து, சமையல்கட்டைத் தாண்டி, பின்வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறார்.

இது எதுவும் தெரியாமல் நாங்கள் புல்தரையில் மேஜை பிடித்து உட்கார்ந்தோம். உட்கார்ந்த சூட்டில் ஒரு காவலர் வந்தார். "இது ரிசர்வ்டு." எழுந்து பின்னால் போனோம். அங்கே இன்னொருவர். "இதுவும் ரிசர்வ்டு." ஏதோ பெரிய இடத்துக் குடும்பம் உறவுகளோடு வரப்போகிறதாம், முன்பக்கம் முழுக்க அவர்களுக்காம். இரண்டாவது முறை என் கணவர் பாதி எழுந்து பாதி உட்கார்ந்திருக்கும்போதே அந்த ஆள் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கினார். அவர் தடுமாறி மேஜையைப் பிடித்துக்கொண்டு, "சாரி" என்றார். நாற்காலியை இழுத்தவரிடம், விழ இருந்தவர் சாரி சொன்னார்.

பக்கத்து மேஜையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளையும் எழுப்பினார்கள். "குழந்தை தூங்குதுங்க, இந்த ஓரமா இருந்துக்கறேன்" என்றாள். "அங்க போய்த் தூங்கட்டும் மேடம்" என்று அந்தக் காவலர் அவள் பையைத் தூக்கிப் பின்வரிசையில் வைத்துவிட்டார். வைத்தது கூட இல்லை, போட்டார். பால் புட்டி உருண்டு போனது. என் கணவர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

மேடையே சரியாகத் தெரியாத தென்னை மரத்தடியில் கடைசியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அண்ணனை இன்னும் காணவில்லை. அவர் போன் காரிலேயே சார்ஜில் இருந்தது. என் கணவர் போய் ஒரு காவலரிடம் கேட்டார். "சார், எங்க மச்சான் ஒருத்தர், வேட்டி கட்டியிருப்பார்..."

"உக்காருங்க சார். ஷோ ஸ்டார்ட் ஆகப்போவுது."

இன்னொருவரிடம் போனார். அவரும் உட்காரச் சொன்னார். வந்து உட்கார்ந்தார். அவர் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. எங்கேயாவது மயங்கி விழுந்திருப்பாரோ, இருட்டில் ஆற்றுப் பக்கம் போயிருப்பாரோ என்றெல்லாம் எனக்கு ஓட ஆரம்பித்தது. தையிலும் ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அண்ணியும் பேச்சைக் குறைத்துவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நாகஸ்வரம், தவில் முடிந்து கரகம் வந்தது. பிறகு அறுவடை ஆட்டம் என்று சில பெண்கள் கதிர்க்கட்டை வீசி வீசி ஆடினார்கள். அது முடிந்ததும் பொய்க்கால் குதிரை. ராஜாவும் ராணியும் கட்டைக்காலில் தடதடவென்று மேடைக்கு ஏறினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். அப்போது அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"இந்தாம்மா, மேடைக்குப் பக்கத்துல துணிக்கு ஓரமா நிக்கிறது யாரு?"

ஜரிகை வேட்டி. தோளில் அங்கவஸ்திரம். ஒரு கையில் டீ டம்ளர், இன்னொரு கக்கத்தில் உபரியாக ஒரு ஜோடி கட்டைக்கால். அண்ணன் குதிரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க!" என்று அண்ணி எழுந்து நின்று போட்ட சத்தத்தில் முன்வரிசைப் பெரிய இடத்துக் குடும்பம் மொத்தமும் திரும்பியது. தவில் சத்தத்தில் அண்ணனுக்கு மட்டும் கேட்கவில்லை.

காவலர் ஓடி வந்தார். நல்ல உயரம், அகன்ற தோள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். "மேடம், உக்காருங்க. சத்தம் போடக் கூடாது."

"தம்பி, அது எங்க வீட்டுக்காரர்ப்பா."

"ஆர்ட்டிஸ்ட்கிட்ட ஷோ முடிஞ்சப்புறம் பேசிக்குங்க."

"ஆர்ட்டிஸ்டா? அவருக்கு டிராக்டர் ஓட்டத்தான் தெரியும்!"

அதற்குள் என் கணவர் எழுந்துவிட்டார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் அனுமதி கேட்காமல் எடுத்து வைத்த ஒரே அடி அதுவாகத்தான் இருக்கும். "ஒரு நிமிஷம் சார், கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே மேஜைகளுக்கு நடுவே மேடையை நோக்கி நடந்தார். முன்வரிசையை நெருங்கும்போது அந்தக் காவலர் பின்னால் பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் திருப்பினார். "சொல்லிக்கிட்டே இருக்கேன், காதுல விழலையா?" என்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்.

அவர் மல்லாக்க விழுந்தார். கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது. சட்டைப் பை கிழிந்து, அதிலிருந்த பேனாவும் கைக்குட்டையும் புல்லில் கிடந்தன. அவர் கையால் தரையைத் தடவிக் கண்ணாடியைத் தேடினார். நான் எழுந்து ஓடினேன் என்று பிறகு அண்ணி சொன்னார். எனக்கு ஓடியது ஞாபகமில்லை. அவர் தரையைத் தடவியதுதான் ஞாபகமிருக்கிறது.

மேடையில் தவில் நின்றுவிட்டது. தவில்காரர்தான் முதலில் பார்த்திருக்கிறார். பிறகு குதிரைகள் நின்றன. அண்ணன் கட்டைக்கால்களைப் போட்டுவிட்டு, டம்ளரை யார் கையிலோ கொடுத்துவிட்டு ஓடி வந்தார். "மாப்ள, என்னாச்சு மாப்ள?" என்று அவரைத் தூக்கி உட்கார வைத்தார். இரண்டு பேருமாக அவர் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினோம். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அண்ணி கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் காவலர் முன்னால் போய் நின்று அமைதியாகக் கேட்டார்.

"எந்த ஊருப்பா நீ?"

அதற்குள் கோட்டு போட்ட மேனேஜர் வந்துவிட்டார். "என்ன சார் ப்ராப்ளம்? எங்க ஸ்டாஃப் ரூல்ஸைத்தான் ஃபாலோ பண்றாங்க" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கோயம்புத்தூர்ப் பெண் தோளில் குழந்தையோடு எழுந்து வந்துவிட்டாள்.

"எங்களை ரெண்டு தடவை எழுப்பிவிட்டாங்க. பையைத் தூக்கி எறிஞ்சாங்க. இதுவும் ரூல்ஸுங்களா?"

இன்னொரு மேஜையில் ஒரு பெரியவர், பாத்ரூம் போய்விட்டு வந்தால் உள்ளே விட மறுத்ததாகச் சொன்னார். ஒவ்வொரு மேஜையாகக் குரல் வந்தது. பொய்க்கால் ராஜாவும் மேடையை விட்டு இறங்கி, இடுப்பில் குதிரையோடு கட்டைக்காலில் எங்களுக்கு மேலே உயரமாக வந்து நின்றார். "அந்த ஐயாவை உங்க ஆளுதான் சார் எங்ககிட்ட அனுப்பினாரு. வெளியூர்லேருந்து யாரோ ஆட்ட வாத்தியாரு வந்திருக்காங்கன்னு நெனச்சு நாங்க சேர் போட்டு உக்கார வச்சோம்" என்றார். மேனேஜர் குதிரைத் தலைக்கு மேலாக அண்ணாந்து பார்த்துத்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணி இதற்கெல்லாம் அசையவில்லை. அதே கேள்வியில் நின்றார். "எந்த ஊருன்னு கேட்டேன்."

"திருத்துறைப்பூண்டிப் பக்கம்" என்றார் காவலர், வேறு எங்கோ பார்த்தபடி.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"பொண்ணு எடுத்தது எங்க?"

"வலங்கைமான்."

அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "வலங்கைமான்ல எங்க?"

"கடைத்தெரு மேடம். மாமனார் மாவு மில்லு வச்சிருக்காரு."

"அங்காளம்மன் கோயிலுக்குப் போற வழியில, நீலக் கதவு போட்ட மில்லா? அவரு ரெண்டாவது மருமகனா நீ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அகன்ற தோள் இரண்டும் மெல்ல இறங்கின.

"உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கேன். ரெண்டாவது பந்தியில அப்பளம் வரலன்னு கேட்டது நான்தான். உங்க மாமியார் மறுநாள் வீட்டுக்கே அப்பளம் குடுத்துவிட்டாங்க. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச குடும்பம்ப்பா அது."

"அக்கா..." என்றார் அவர்.

"இப்ப அக்காவா? இவ்வளவு நேரம் மேடம்னு சொன்னே."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை, வியர்த்துக் கொட்டியது. மேனேஜர் என்ன செய்வார், வேலைக்கு வைத்த செக்யூரிட்டி ஏஜென்சி என்ன செய்யும் என்பதெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் பெரிதாகத் தெரிந்திருக்காது. இந்த அம்மா நாளைக் காலையில் மாமனார் மில்லுக்கு அரிசி அரைக்கப் போகும் என்பதுதான் தெரிந்திருக்கும்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதோ என் தம்பி. அவன்கிட்ட சொல்லு."

காவலர் என் கணவர் அருகில் வந்து குனிந்தார். "மன்னிச்சிடுங்க சார். வேகத்துல கை வச்சுட்டேன்."

என் கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "சட்டையைப் பிடிச்சிருக்கக் கூடாது தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மேனேஜருக்கு நிம்மதி வந்துவிட்டது. ஊர்க்காரர்கள், தெரிந்தவர்கள், சரியாகிவிட்டது என்று கையைத் தட்டி ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். எனக்கு அங்கேதான் பொறுக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கறேன்" என்றேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு வகுப்பு எடுத்த என் குரல், நானே எதிர்பார்க்காத உரத்தில் வந்தது. "எங்க அண்ணிக்கு அந்த மாவு மில்லைத் தெரியும். அதனால இவர் மன்னிப்புக் கேட்டாரு. இந்தக் கோயம்புத்தூர்ப் பொண்ணுக்கு அந்த மில்லைத் தெரியாது. அவகிட்ட யாரு கேக்கறது?"

மேனேஜர் அந்தப் பெண்ணிடம் போய்த் தானே மன்னிப்புக் கேட்டார். பையை எறிந்த காவலரையும் கூப்பிட்டுச் சொல்ல வைத்தார். முன்வரிசையில் ஒரு மேஜையைக் காலி செய்து எங்களையும் அவளையும் அங்கே உட்காரச் சொன்னார். வேண்டாம், கிளம்பலாம் என்றுதான் நான் சொன்னேன். அண்ணிக்கு அதில் உடன்பாடில்லை. "தப்பு பண்ணினது அவங்க. நாம எதுக்குப் பட்டினியா போகணும்?" என்று தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டார்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வாழைப்பூ வடை, பருப்பு உருண்டைக் குழம்பு, அசோகா அல்வா. அண்ணி எல்லாவற்றையும் இரண்டு முறை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அசோகாவுக்கு மட்டும் நெய் போதவில்லை என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அண்ணன் எங்களோடு உட்காரவே இல்லை. "நீங்க சாப்பிடுங்க, எனக்கு அங்க எடுத்து வச்சிருப்பாங்க" என்று மேடைக்குப் பின்னாலேயே போய்விட்டார். பின்வாசல் வழியே வந்ததும் ஆட்டக்காரர்கள் அவருக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, வடை கொடுத்து, எந்த ஊர், எத்தனை மா நிலம் சாகுபடி, நெல் போட்டாச்சா என்று விசாரித்திருக்கிறார்கள். அந்த மாலையில் எங்கள் நாலு பேரில் விருந்தாளியாக நடத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

என் கணவர் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். கிழிந்த சட்டைப் பையை இன்னொரு கையால் மறைத்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அவரை ஓட்ட வேண்டாம் என்று நான் ஓட்டினேன். அண்ணி பின்னால் உட்கார்ந்து அந்தக் காவலரின் மாமியார் வழியில் நமக்கு எப்படி உறவு என்று அண்ணனுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். பாபநாசம் தாண்டியதும் என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "தள்ளினப்போ ஒண்ணும் வலிக்கல. எல்லாரும் பாத்தாங்களே, அதான்." அண்ணி பாதியில் பேச்சை நிறுத்தினார். அண்ணன் முன்னால் சாய்ந்து அவர் தோளில் கையை வைத்தார், வலங்கைமான் வரும்வரை எடுக்கவில்லை.

மகன் மறுநாள் போன் செய்தபோது, "நல்லா இருந்துச்சுப்பா. பொய்க்கால் குதிரை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றுதான் அவர் சொன்னார். அண்ணி சொல்லித்தான் அவனுக்கு எல்லாம் தெரிந்தது. அங்கிருந்தே அந்த ரிசார்ட்டுக்குக் கோபமாக எழுதினான். உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக என்று பதில் வந்தது. அவன் விடவில்லை. மூன்றாவது முறை எழுதியபோது, இனிமேல் காவலர்கள் விருந்தினர் மேல் கை வைக்கக் கூடாது என்று ஏஜென்சியிடம் சொல்லியிருப்பதாக எழுதினார்கள். சொன்னார்களா என்று எங்களுக்குத் தெரியாது. சட்டைப் பையை நான் தைத்து வைத்தேன், தையல் தெரியாதபடி. அவர் அந்தச் சட்டையை இன்றுவரை போடவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தோம். நெல்லெல்லாம் கொள்முதல் நிலையத்தில் எடுபட்டு அண்ணன் நிம்மதியாக இருந்தார். பதினொரு மணி வாக்கில் வாசலில் ஒரு ஆள் மனைவியோடு வந்து நின்றார். கட்டம் போட்ட சட்டை, கையில் ஆப்பிள் பை. கறுப்பு உடுப்பு இல்லாததால் முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அண்ணிதான் வரச்சொல்லி மாவு மில்லில் சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

என் கணவரைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். என் கணவரும் பேப்பரைப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"உள்ள வாங்க. வெயில்ல நிக்கிறீங்களே" என்றார் என் கணவர் கடைசியில். 'வாங்க' என்றுதான் சொன்னார்.

சாப்பிடும்போது அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். முன்பு மீன் ஏற்றும் வண்டி ஓட்டியிருக்கிறார். வண்டி கைவிட்டுப் போனதும் இந்த வேலை. சனி, ஞாயிறுகளில் காலையிலிருந்து நிற்க வேண்டுமாம். முன்வரிசைக்கு யாராவது வந்துவிட்டால் சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் திட்டுவாராம்.

"அன்னைக்கு முன்னாடி வந்தவங்க ரொம்பப் பெரிய ஆளுங்கன்னு சொல்லிட்டாங்க சார். அந்தப் பயத்துலதான்..."

"இவனைப் பாத்தா சின்ன ஆளா தெரிஞ்சுதா?" என்றார் அண்ணி சாதத்தைப் போட்டுக்கொண்டே.

"அக்கா, விடு" என்றார் என் கணவர். பிறகு அவரிடம் திரும்பி, "அன்னைக்கு நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் மிச்சம் இருந்தா குடுப்பாங்க சார்."

அந்தப் பெண், அவர் மனைவி, இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அன்றுவரை இது தெரியாது போலிருக்கிறது. அண்ணி இன்னொரு கரண்டி குழம்பை அவர் கேட்காமலே ஊற்றினார்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். அவர்கள் ஊர் பஸ் அந்த நிறுத்தத்தில் கை காட்டினால்தான் நிற்கும். "நான் வந்து ஏத்திவிடறேன்" என்று என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வாசலிலிருந்து பார்த்தேன். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் நின்றார்கள். பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்தது. என் கணவர் சாலைக்கே இறங்கி, இரண்டு கையையும் தூக்கி அதை நிறுத்தினார்.